குரோம் புதுசு, ஃபோன் பழசு: பக்கம் ஏன் வெள்ளையாக நிற்கிறது?

கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன், மற்றவர்களுக்கும் உதவும். மாமனாரிடம் இருப்பது ஐஃபோன் 7. பேத்தியின் பரதநாட்டிய வகுப்புக்குக் கட்டணம் செலுத்தும் பக்கத்தைத் திறந்தால் வெறும் வெள்ளைத் திரை. சஃபாரியில் கோளாறு போல என்று குரோமை இறக்கிப் பார்த்தீர்கள். அதிலும் அதே வெள்ளை. உங்கள் அலுவலக மடிக்கணினியிலோ விண்டோஸ் அப்டேட்டை ஐடி பிரிவு நிறுத்தி வைத்திருக்கிறது, இருந்தும் அதே பக்கம் குரோமில் ஜம்மென்று திறக்கிறது. இரண்டுமே அப்டேட் ஆகாத ஓஎஸ்தானே (ஓஎஸ் என்பது கருவியையே இயக்கும் அடிப்படை மென்பொருள்), ஒன்றில் ஓடுவது இன்னொன்றில் ஏன் ஓடவில்லை, அப்டேட்டைத் தள்ளிப்போடுவது அவ்வளவு பெரிய தப்பா என்று கேட்டிருக்கிறீர்கள்.

மாமனாரை யாரும் திட்டாதீர்கள். அவர் எதையும் தவறாகத் தட்டவில்லை. இந்த மாதிரி பக்கங்களைக் கட்டுவதுதான் எனக்குப் பிழைப்பு; பதினெட்டு வருடமாகச் சிங்கப்பூரில் இதே வேலை. அந்த அனுபவத்தில் சொல்கிறேன், வெள்ளைத் திரையில் பாதிப் பழி பக்கத்தைக் கட்டியவரைச் சேரும். மீதிப் பாதி எங்கே போகிறது என்பதுதான் உங்கள் கேள்வி.

பிரவுசர் என்று ஒரே பெயரில் நாம் சொல்வதில் இரண்டு பொருள் இருக்கின்றன. கண்ணுக்குத் தெரிவது முகவரிப் பட்டை, டேப், புக்மார்க், சேமித்த கடவுச்சொல். உள்ளே ஓடுவது எஞ்சின். பக்கத்தின் குறிமுறையைப் படித்துத் திரையில் வரைவது அதுதான். குரோம், எட்ஜ், சாம்சங் இன்டர்நெட் எல்லாவற்றிலும் பிளிங்க் என்ற எஞ்சின். ஃபயர்ஃபாக்ஸில் கெக்கோ. சஃபாரியில் வெப்கிட். புதிதாக ஒரு வசதி வந்தால் அது ஓடுமா ஓடாதா என்று முடிவு செய்வது எஞ்சினின் வயது. ஆகவே, ஃபோனில் எந்த பிரவுசர் இருக்கிறது என்று கேட்பதைவிட, அதன் எஞ்சினை உங்கள் கைக்குக் கொண்டுவந்து தருவது யார் என்று கேளுங்கள்.

ஐஃபோனில் அதைத் தருவது ஆப்பிள் மட்டும்தான், அதுவும் ஐஃபோனின் ஓஎஸ் ஆன ஐஓஎஸ் அப்டேட்டோடு சேர்த்து மட்டும்தான். ஆப் ஸ்டோர் விதிகளில் 2.5.6 என்று ஒரு பிரிவு உண்டு: இணையப் பக்கம் காட்டும் எந்தச் செயலியும் வெப்கிட்டைத்தான் பயன்படுத்த வேண்டும். ஐரோப்பிய ஒன்றியத்தில் புதுச் சட்டம் வந்ததால் 2024 மார்ச்சில் வந்த ஐஓஎஸ் 17.4 முதல் அங்கே கதவைக் கொஞ்சம் திறந்தார்கள். சிங்கப்பூருக்கு அது பொருந்தாது. எனவே நீங்கள் ஐஃபோனில் இறக்கிய குரோம் பெயரளவில்தான் குரோம். காப்பிக்கடையில் மூன்று ஸ்டால், மூன்று பெயர்ப்பலகை, பின்னால் அடுப்பு ஒன்று என்றால் எந்த ஸ்டாலில் வாங்கினாலும் தோசை ஒரே மாதிரிதானே தீயும்? அதே கதை. இன்னொன்றும் கவனித்திருப்பீர்கள்: இறக்கும்போது ஆப் ஸ்டோர், இந்த ஃபோனுக்கு ஏற்ற பழைய பதிப்பை இறக்கட்டுமா என்று கேட்டிருக்கும். சரி என்று தட்டியிருப்பீர்கள். ஆக அந்தப் பெயர்ப்பலகையும் பழசு.

இதே ஐஃபோன் 7, இதே வெள்ளைத் திரை என் வீட்டிலும் நடந்ததால் அதைக் கொஞ்சம் கிட்டத்தில் காட்டுகிறேன். பெரியம்மா ஈசூனில் இருக்கிறார். ஒரு சங்கத்தின் சுற்றுலாப் பதிவுப் பக்கம் அவர் ஃபோனில் திறக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை போனபோது, காப்பி ஆறுவதற்குள் பார்த்துவிடலாம் என்று சாப்பாட்டு மேசையிலேயே என் மேக்கைத் திறந்து, அவர் ஃபோனை வயரில் இணைத்தேன். ஃபோனின் அமைப்புகளில் சஃபாரிக்குள் போய் வெப் இன்ஸ்பெக்டரை முடுக்கிவிட்டால், மேக்கில் இருக்கும் சஃபாரியின் டெவலப் மெனுவில் அந்த ஃபோன் வந்து நிற்கும். ஃபோனுக்குள் பக்கம் என்ன சொல்லிப் புலம்புகிறது என்பதை மேக்கில் படிக்கலாம்.

ஒரே ஒரு சிவப்பு வரி. ரெகுலர் எக்ஸ்பிரஷன் (எழுத்தும் எண்ணும் எந்த வடிவில் இருக்க வேண்டும் என்று சொல்லும் குறிச்சரம்) தப்பு, குழுவின் பெயர் செல்லாது என்று சொல்லியது. உள்ளே போய்ப் பார்த்தால், தொலைபேசி எண்ணைச் சரிபார்க்கும் இடத்தில் (?<= என்று நாலு குறிகள். 'இந்த எட்டு இலக்கத்துக்கு முன்னால் 65 இருக்கிறதா, பின்னோக்கிப் பார்' என்று அதற்குப் பொருள். குரோம் இதை 2017இலேயே கற்றுக்கொண்டது, 62ஆம் பதிப்பில். ஃபயர்ஃபாக்ஸ் 2020இல். வெப்கிட் 2023 மார்ச்சில் வந்த சஃபாரி 16.4இல்தான் கற்றுக்கொண்டது. குரோமுக்கு ஏறக்குறைய ஐந்தரை வருடம் பிந்தி. ஆப்பிளுக்கு எனக்குத் தெரிந்த யாரும் இதற்காகப் பூங்கொத்து கொடுக்கவில்லை. ஐஃபோன் 7 ஐஓஎஸ் 15உடன் நின்றுபோனது. எனவே அந்த ஃபோன் இருக்கும் காலம் முழுக்க அந்த நாலு குறிகளும் அதற்குப் புரியப்போவதில்லை.

சரி, ஒரு எண்ணைச் சரிபார்க்கும் வரி புரியவில்லை என்றால் அந்த எண் பெட்டி மட்டும்தானே கெட வேண்டும், பக்கம் முழுக்க ஏன் காணாமல் போனது? இங்கேதான் இணையப் பக்கங்களின் சுபாவம் புரிய வேண்டும். பக்கத்தின் தோற்றத்தைச் சொல்லும் சிஎஸ்எஸ்ஸில் பிரவுசருக்குப் புரியாத வரி வந்தால், அதைத் தாண்டிப் போய்விடும். வட்டமான மூலை சதுரமாக நிற்கும், நிறம் மாறாது, அவ்வளவுதான். பக்கத்தை இயக்கும் நிரல்மொழியான ஜாவாஸ்கிரிப்டில் இலக்கணமே புரியாத ஓர் இடம் வந்தால், பிரவுசர் அந்தக் கோப்பு முழுவதையும் ஓட்ட மறுத்துவிடும். கடைசி வரியில் பிழை இருந்தாலும் முதல் வரிகூட ஓடாது. இன்றைக்குக் கட்டப்படும் பல பக்கங்களில் பட்டன், படிவம், படம் எல்லாவற்றையும் ஜாவாஸ்கிரிப்டே வரைகிறது. கோப்பு ஓடவில்லை என்றால் வரைவதற்கு ஆள் இல்லை. வெள்ளை.

சிஎஸ்எஸ் பக்கம் ஒரு வேடிக்கையும் சொல்ல வேண்டும். 'ஹேஸ்' என்று ஒரு வசதி உண்டு; பெட்டிக்குள் என்ன இருக்கிறது என்று பார்த்துவிட்டு வெளிப்பெட்டிக்கு நிறம் கொடுக்க உதவும். பல வருடம் எல்லாரும் கேட்டுக்கொண்டே இருந்த வசதி. சஃபாரி அதை 2022 மார்ச்சில் 15.4இல் கொடுத்தது. குரோம் அதே வருட ஆகஸ்ட்டில். ஃபயர்ஃபாக்ஸ் 2023 டிசம்பரில். அதாவது, பழசு பழசு என்று நாம் ஏசும் அந்த ஐஃபோன் 7, இந்த ஒரு விஷயத்தில் ஃபயர்ஃபாக்ஸை ஏறக்குறைய இரண்டு வருடம் முந்தியது. பழைய ஃபோனுக்கு எதுவும் தெரியாது என்பதில்லை. எந்த மாதம் வரை பாடம் நடந்ததோ அதுவரை தெரியும்.

உங்கள் மாமனாருக்கு நடைமுறையில் என்ன செய்யலாம்? அமைப்புகளுக்குள் போய் 15.8இன் கடைசிப் பதிப்பு இருக்கிறதா என்று பாருங்கள். 2016இல் வந்த ஃபோனுக்கு 2025 மார்ச்சில் 15.8.4, செப்டம்பரில் 15.8.5 என்று ஆப்பிள் பாதுகாப்புத் திருத்தம் அனுப்பியது. அந்தப் பாராட்டை மறுப்பதற்கில்லை. ஆனால் அதில் வருவது ஓட்டையை அடைக்கும் வேலை மட்டும், புதுப் பாடம் கிடையாது. போட்ட பிறகும் நடன வகுப்புப் பக்கம் வெள்ளையாகத்தான் இருக்கும். 'டெஸ்க்டாப் தளமாகக் காட்டு' என்று தட்டிப் பார்ப்பதும் வீண். அது பக்கத்திடம் வேறு பெயரைச் சொல்லும், எஞ்சினை மாற்றாது. கட்டணத்தை உங்கள் மடிக்கணினியிலிருந்து கட்டிவிடுங்கள்.

இப்போது ஆண்ட்ராய்டு. உங்கள் கேள்வியில் அது இல்லை, ஆனாலும் எப்படியும் அடுத்து யாராவது கேட்பார்கள். அங்கே குரோம் பிளே ஸ்டோர் வழியாகத் தனியே வருகிறது. செயலிகளுக்குள் பக்கம் காட்டும் வெப்வியூவையும் 2014இல், ஆண்ட்ராய்டு 5.0இலிருந்து, ஓஎஸ்ஸிலிருந்து பிரித்துவிட்டார்கள். ஃபோன் தயாரித்த நிறுவனம் உங்களை மறந்துபோய் மூன்று வருடம் ஆகியிருந்தாலும் எஞ்சின் மட்டும் இளமையாக இருக்கும். நல்ல ஏற்பாடுதான். தனியே வருவதில் ஆபத்தே இல்லையா என்றால் உண்டு: 2021 மார்ச்சில் ஒரு மோசமான வெப்வியூ அப்டேட் வந்து ஜிமெயில் உட்பட ஏகப்பட்ட செயலிகள் திறந்த வேகத்தில் மூடிக்கொண்டன. ஆனால் தனியே வந்ததால் தனியே சரிசெய்யவும் முடிந்தது.

இளமைக்கும் ஓர் எல்லை உண்டு. குரோம் 120 ஆண்ட்ராய்டு 7ஐக் கைவிட்டது. 139 ஆண்ட்ராய்டு 8, 9 இரண்டையும் கைவிட்டது. அது 2025 ஆகஸ்ட்டில். ரேஸ் கோர்ஸ் ரோட்டில் ஒரு ஞாயிறு மாலை, கப்பல் பட்டறையில் வேலை பார்க்கும் புதுக்கோட்டைத் தம்பி ஒருவர், ஊருக்குப் பணம் அனுப்பும் பக்கம் மக்கர் பண்ணுகிறது என்று ஃபோனை நீட்டினார். ஆண்ட்ராய்டு 9. பிளே ஸ்டோரில் குரோமுக்குப் பக்கத்தில் 'அப்டேட்' பட்டனே இல்லை, 'திற' மட்டும்தான். எல்லாம் புதிதாக இருக்கிறது என்றல்லவா அவர் நினைத்திருக்கிறார்! பதிப்பு எண்ணைப் பார்த்தால் 138இல் நிற்கிறது. கைவிட்டுவிட்டோம் என்று யாரும் வந்து சொல்வதில்லை, அப்டேட் வருவது சத்தமில்லாமல் நின்றுவிடுகிறது. ஃபயர்ஃபாக்ஸ் அந்த ஃபோனில் புதிய பதிப்பாகவே இறங்கியது, பக்கமும் திறந்தது. ஆண்ட்ராய்டில் இன்னொரு ஸ்டாலுக்குப் போனால் உண்மையிலேயே இன்னோர் அடுப்பு இருக்கும். ஐஃபோனில் கிடைக்காத வாய்ப்பு அது. ஆனால் பணம் அனுப்புகிற ஃபோன் என்பதால், அடுத்த போனஸில் ஃபோனை மாற்றிவிடுங்கள் தம்பி என்றும் சொல்லித்தான் அனுப்பினேன். ஏன் என்பதற்கு உங்கள் அலுவலக மடிக்கணினியே பதில் சொல்லும்.

அந்த மடிக்கணினியில் விண்டோஸ் ஒரு பாதை, குரோம் வேறு பாதை. குரோம் 2021 செப்டம்பரிலிருந்து நாலு வாரத்துக்கு ஒரு பதிப்பு. 2023 ஆகஸ்ட்டிலிருந்து இடையில் வாரம் ஒரு பாதுகாப்புத் திருத்தம். விண்டோஸை ஐடி பிரிவு தள்ளிப்போட மைக்ரோசாஃப்ட்டே வழி வைத்திருக்கிறது: மாதாந்தரத் திருத்தங்களை 30 நாள் வரை, பெரிய பதிப்புகளை 365 நாள் வரை ஒத்திவைக்கலாம். ஆப்பிள் கருவிகளை நிர்வகிக்கும் நிறுவனங்களும் 90 நாள் வரை ஒத்திவைக்கலாம். ஆகவே உங்கள் எஞ்சின் புதுசு, அது நிற்கும் தரை பழசு. பக்கம் திறக்கிறது. பிரச்சினை தீர்ந்ததா?

பாதிதான். பிரவுசர் ஒவ்வொரு பக்கத்தையும் ஒரு கூண்டுக்குள் அடைத்து வைத்திருக்கிறது, சாண்ட்பாக்ஸ் என்பார்கள். எஞ்சினில் ஓட்டை கண்டுபிடித்த திருடன் அந்தக் கூண்டுக்குள்தான் நுழைகிறான். கூண்டை உடைத்து வெளியே வர அவனுக்கு இரண்டாவது சாவி வேண்டும். கூண்டின் கம்பிகளைத் தருவது ஓஎஸ் என்பதால், இரண்டாவது சாவி பெரும்பாலும் ஓஎஸ் ஓட்டையில் கிடைக்கிறது. 2019 மார்ச்சில் அப்படியே நடந்தது. குரோமில் ஒரு ஓட்டை, விண்டோஸ் 7இல் ஒரு ஓட்டை, இரண்டையும் கோத்து ஆட்கள் தாக்கிக்கொண்டிருந்ததைக் கூகுள் கண்டுபிடித்தது. குரோமை உடனே திருத்தினார்கள். விண்டோஸ் பக்கத்துத் திருத்தம் மார்ச் 12இல்தான் வந்தது. விண்டோஸ் 7 வைத்திருப்பவர்கள் விண்டோஸ் 10க்கு மாறுவதை யோசியுங்கள் என்று கூகுளே வெளிப்படையாகச் சொன்னது. புது குரோம் முதல் சாவியைப் பறிக்கிறது. இரண்டாவது சாவி எவ்வளவு நாள் வெளியே கிடக்கிறது என்பது உங்கள் ஐடி பிரிவின் கையில்.

ஐடி பிரிவையும் வில்லனாக்க வேண்டாம். அவர்கள் தள்ளிப்போடுவது சோம்பலால் அல்ல. அலுவலக வலையமைப்போடு இணைக்கும் விபிஎன் அறுந்துபோகும், பிரிண்டர் ஓடாது, சம்பளம் போடுகிற பழைய மென்பொருள் திறக்காது. இதெல்லாம் நூறு பேர் கணினியில் ஒரே காலையில் நடந்தால் என்ன ஆகும் என்று பார்த்தவர்கள் அவர்கள். 2024 ஜூலை 19 நினைவிருக்கும். கிரவுட்ஸ்டிரைக் அனுப்பிய ஒரு தப்பான அப்டேட்டால் உலகம் முழுக்க விண்டோஸ் கணினிகள் நீலத் திரையில் உட்கார்ந்தன. சாங்கியில் சில விமான நிறுவனங்கள் பயணிகளைக் கையால் பதிவுசெய்துகொண்டிருந்தன. அது விண்டோஸ் அப்டேட் அல்ல, பாதுகாப்பு மென்பொருளின் அப்டேட். ஆனாலும் அன்றைக்குப் பிறகு, முதலில் பத்துப் பேருக்குப் போட்டுப் பார்ப்போம் என்று சொல்லும் ஐடி மேலாளரிடம் நான் வாதாடுவதை விட்டுவிட்டேன். ஒன்றிரண்டு வாரம் பொறுப்பது நியாயம். மூன்று மாதம் பொறுத்தால் அது மறதி.

வீட்டில் விண்டோஸ் 10 கணினி இருந்தால், அதற்கான ஆதரவு 2025 அக்டோபர் 14உடன் முடிந்தது. கூடுதல் பாதுகாப்புத் திருத்தம் வீட்டுப் பயனருக்கு 2026 அக்டோபர் 13 வரை உண்டு. 30 அமெரிக்க டாலர் கட்டலாம், அல்லது அமைப்புகளை மைக்ரோசாஃப்ட் கணக்கில் பேக்கப் செய்ய ஒப்புக்கொண்டால் இலவசம். எட்ஜ் பிரவுசரை மட்டும் விண்டோஸ் 10இல் குறைந்தது 2028 அக்டோபர் வரை புதுப்பிப்போம் என்று சொல்லியிருக்கிறார்கள். தரைக்குக் கெடு ஒரு தேதி, எஞ்சினுக்குக் கெடு வேறு தேதி என்பதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் கிடைக்காது. விண்டோஸ் 7க்கும் இப்படித்தான் நடந்தது: வழக்கமான ஆதரவு 2020 ஜனவரியில் முடிந்தது, குரோம் 109 வரை, அதாவது 2023 ஜனவரி வரை, தாக்குப்பிடித்தது.

அலுவலகக் கணினியில் இன்னொன்றையும் பாருங்கள். குரோம் தானாக இறங்கிவிடும், ஆனால் மூடித் திறந்தால்தான் புதிய எஞ்சின் ஓடும். என் பக்கத்து மேசைக்காரர் டேப்களை மூடவே மாட்டார். எண்பது டேப், ஒவ்வொன்றும் நகம் அளவு, தலைப்பே தெரியாது. மேல் மூலையில் அப்டேட் செய்யச் சொல்லும் பட்டன் நிறம் மாறி மாறிக் கெஞ்சும். சிவப்பாகிவிட்டால் ஒரு வாரமாவது ஆகிவிட்டது என்று பொருள். அவருடையது எப்போதும் சிவப்பு. ஐடி பிரிவு விண்டோஸை நிறுத்தி வைத்ததைப் பற்றி எங்களில் அதிகம் குறைசொல்பவரும் அவர்தான்.

எஞ்சின் தனியே வந்தாலும் சில சாமான்களை அது ஓஎஸ்ஸிடம் கடன் வாங்குகிறது. எழுத்துரு அதில் ஒன்று. ஆகஸ்ட் 9க்கு வாழ்த்துப் பக்கம் ஒன்று செய்து, நம் சிங்கப்பூர்க் கொடி இமோஜியைப் போட்டிருந்தோம். ஃபோனில் சிவப்பும் வெள்ளையுமாகப் பறந்தது. விண்டோஸ் குரோமில் பார்த்தால் இரண்டு ஆங்கில எழுத்துகள் மட்டும் மொட்டையாக நின்றன. விண்டோஸ் தன் இமோஜி எழுத்துருவில் நாட்டுக் கொடிகளையே வைப்பதில்லை. அதே கணினியில் ஃபயர்ஃபாக்ஸில் கொடி வந்தது, ஏனென்றால் அது இமோஜி எழுத்துருவைத் தன்னோடு தூக்கிக்கொண்டு வருகிறது. தமிழுக்கும் இது பொருந்தும். முந்திரி, காணி போன்ற பழைய பின்னக் குறிகள் 2019இல், யூனிகோட் என்ற பொது எழுத்துக் குறியீட்டின் 12ஆம் பதிப்பில் சேர்ந்தன. அதற்கு முந்தைய ஓஎஸ்ஸில், பக்கம் தன் எழுத்துருவைக் கூடவே அனுப்பாவிட்டால், கட்டம் கட்டமாகத்தான் தெரியும். ஒவ்வொரு தமிழ்த் தளத்துக்கும் ஒவ்வோர் எழுத்துருவை இறக்கிக்கொண்டிருந்த காலத்தில் இருந்தவர்களுக்கு இது புதிதல்ல. 1997இல் நா. கோவிந்தசாமி முன்னின்று இங்கே சிங்கப்பூரில் கூட்டிய தமிழ் இணைய மாநாட்டில் குறியீடும் விசைப்பலகையும்தான் பெரிய பேச்சு.

தளம் உண்மையானதுதான் என்று பிரவுசருக்கு உறுதி சொல்லும் சான்றிதழும் அப்படியே. 2021 செப்டம்பர் 30 அன்று, லெட்ஸ் என்கிரிப்ட் என்ற அமைப்பு தரும் சான்றிதழ்கள் சாய்ந்திருந்த ஒரு பழைய மூலச் சான்றிதழ் காலாவதியானது. பல வருடம் அப்டேட் பார்க்காத மேக்குகளில், நேற்று வரை திறந்த தளங்கள் பாதுகாப்பற்றவை என்று எச்சரிக்கை காட்டின. அங்கேயும் ஃபயர்ஃபாக்ஸ் தப்பித்தது. நம்பகமான சான்றிதழ்களின் பட்டியலையும் அது தானே வைத்திருக்கிறது. குரோமும் 2022இலிருந்து அந்த வழிக்கு வந்துவிட்டது.

தள்ளிப்போடலாமா என்ற கேள்விக்கு வருகிறேன். அப்டேட்டில் இரண்டு ஜாதி. செப்டம்பரில் வரும் பெரிய எண் ஒன்று. புள்ளிக்குப் பின்னால் வரும் சின்ன எண் ஒன்று. பெரியதை நான் எப்போதும் தள்ளிப்போடுகிறேன். முதல் புள்ளிப் பதிப்பு வரும்வரை, ஒரு மாதம் ஒன்றரை மாதம். ஆப்பிளும் ஏறக்குறைய அதைத்தான் செய்கிறது: தானியங்கி அப்டேட்டை எல்லாருக்கும் ஒரே நாளில் தள்ளுவதில்லை, ஒன்று முதல் நாலு வாரம் கழித்துத்தான் படிப்படியாக விடுகிறோம் என்று அதன் மென்பொருள் தலைவர் கிரெய்க் ஃபெடரிகி ஒரு பயனருக்கு எழுதிய மின்னஞ்சலில் சொல்லியிருக்கிறார்.

சின்னதைத் தள்ளிப்போடுவதில்லை. 2023 செப்டம்பரைப் பாருங்கள். 7ஆம் தேதி ஆப்பிள் 16.6.1 விட்டது, ஒரு படத்தை அனுப்பியே ஃபோனைப் பிடிக்கும் ஓட்டைக்கு. நாலு நாள் கழித்து, வெப்-பி என்ற வகைப் படங்களை விரிக்கும் மென்பொருள் நூலகத்தில் இருந்த ஓட்டையைக் குரோம் அடைத்தது, மறுநாள் ஃபயர்ஃபாக்ஸ். குரோம்காரர்கள் குரோமை மூடித் திறந்தால் போதும். ஐஃபோன்காரர்கள் ஓஎஸ்ஸையே அப்டேட் செய்ய வேண்டும். எஞ்சினும் தரையும் ஒட்டிப்பிறந்த ஃபோனில், 'ஓஎஸ் அப்டேட் அப்புறம் பார்க்கலாம்' என்றால் 'பிரவுசர் ஓட்டை அப்புறம் அடைக்கலாம்' என்றே பொருளாகிறது. ஆண்ட்ராய்டிலோ விண்டோஸிலோ அந்த வாக்கியத்துக்கு இவ்வளவு கனம் கிடையாது.

சின்னதிலும் எப்போதாவது கால் இடறும், அதையும் மறைக்கக்கூடாது. அதே 2023 ஜூலை 10இல் வெப்கிட் ஓட்டைக்கு ஆப்பிள் ஒரு அவசரத் திருத்தம் விட்டது. சஃபாரி தன் பதிப்பு எண்ணோடு அடைப்புக்குறிக்குள் ஓர் எழுத்தையும் சேர்த்துச் சொல்ல ஆரம்பித்தது. ஃபேஸ்புக் மாதிரி சில தளங்கள் அந்த எழுத்தைப் பார்த்துக் குழம்பி, உங்கள் பிரவுசருக்கு ஆதரவில்லை என்று கதவைச் சாத்தின. திருத்தத்தைத் திரும்பப் பெற்று, இரண்டே நாளில் வேறொன்றை அனுப்பினார்கள். இரண்டு நாள் அசௌகரியம். அதற்காக மாதக்கணக்கில் ஓட்டையோடு இருக்க நான் தயாரில்லை.

நேரம் பார்த்துப் போடுங்கள், அவ்வளவுதான். இரவு சார்ஜில் இருக்கும்போது. உட்லண்ட்ஸ் சோதனைச்சாவடியில் கியூஆர் காட்டி ஜோகூருக்குப் போகிற காலையில் வேண்டவே வேண்டாம். அப்டேட் பட்டை நகராமல் நிற்க, பின்னால் வரிசை நகரச் சொல்லும்.

மாமனாரிடம் இதையும் மறக்காமல் சொல்லுங்கள்: 'உங்கள் பிரவுசர் பழசாகிவிட்டது, இங்கே தட்டிப் புதுப்பியுங்கள்' என்று ஒரு பக்கமோ வாட்ஸ்அப் செய்தியோ சொன்னால் தட்டக்கூடாது. அப்டேட் வருவது அமைப்புகளிலிருந்து, ஆப் ஸ்டோரிலிருந்து, பிளே ஸ்டோரிலிருந்து. ஆண்ட்ராய்டில் இப்படித் தட்டி ஏபிகே என்ற செயலிக் கோப்பை இறக்கி வங்கிக் கணக்கை இழந்தவர்கள் இங்கே நிறைய. அதனால்தான் 2024 பிப்ரவரியில் கூகுள், சைபர் பாதுகாப்பு முகவையோடு சேர்ந்து, வெளியிலிருந்து இறக்கும் ஆபத்தான செயலிகளை பிளே புரொடெக்ட் தானே தடுக்கும் முன்னோட்டத் திட்டத்தைச் சிங்கப்பூரில் ஆரம்பித்தது. எஸ்எம்எஸ் படிக்க அனுமதி கேட்கும் செயலி என்றால் அது சந்தேகப்படும். மாமனாரும் சந்தேகப்படட்டும்.

புது ஃபோன் வாங்கலாமா என்றால், பழைய ஐஃபோனே போதும் என்பவருக்கு 2020இல் வந்த இரண்டாம் தலைமுறை எஸ்இகூட ஐஓஎஸ் 26 வரை ஏறுகிறது. கைரேகைப் பட்டனும் அவர் பழகிய இடத்திலேயே இருக்கும். கடைக்காரரிடம் எத்தனை மெகாபிக்சல் என்று கேட்பதற்கு முன், அப்டேட் எத்தனை வருடம் வரும் என்று கேளுங்கள்.

நடன வகுப்புக்காரர்களுக்கு ஒரு வார்த்தை எழுதிப் போடுவதும் நல்லது. பெரியம்மா விஷயத்தில் நான் அந்தச் சங்கத்துக்கு எழுதினேன். இரண்டு வாரம் கழித்து ஒரே ஒரு வரியை மாற்றினார்கள், அவர் ஃபோனில் திறந்துவிட்டது. பேபல் போன்ற கருவிகள் புது ஜாவாஸ்கிரிப்டைப் பழசாக மாற்றித் தரும் என்று எல்லாரும் நம்பிக்கொண்டிருக்கிறோம், இந்த ஒன்றை அவை மாற்றித் தருவதில்லை. அதனால் கட்டியவருக்கே இது தெரிந்திருக்காது. உங்கள் பக்கத்திலும் அதே காரணம்தான் என்று மேக்கில் இணைத்துப் பார்க்காமல் நான் அடித்துச் சொல்ல முடியாது, ஆனால் எங்கே தேட வேண்டும் என்று அவர்களுக்குத் தெரிந்துவிடும். இதை அப்படியே அனுப்பலாம்:

'வணக்கம். உங்கள் கட்டணப் பக்கம் ஐஓஎஸ் 15இல் வெள்ளையாக நிற்கிறது. சஃபாரி 16.4க்கு முந்தைய பதிப்புகளில் ஓடாத ரெகுலர் எக்ஸ்பிரஷன் எதுவும் இருக்கிறதா என்று உங்கள் டெவலப்பரைப் பார்க்கச் சொல்லுங்கள், பின்னோக்கிப் பார்க்கும் (?<= அல்லது (?<! குறிகளைத் தேடினால் போதும். நீங்கள் சேர்த்திருக்கும் நூலகங்களுக்குள்ளும் தேடச் சொல்லுங்கள். இந்த மாதக் கட்டணத்தை மடிக்கணினியிலிருந்து கட்டிவிட்டோம்.'